கேஸ் போடுகிறவர்களும் கூட நடக்கிறவர்களும்

தோழர்களே,

'கேஸ்' என்ற சொல்லுக்கு நம்ம தெருவில் ஒரே அர்த்தம்தான். "அவன் மேல கேஸ் இருக்கு" என்றால் அதற்கு மேல் விளக்கம் யாரும் கேட்பதில்லை. ஸ்டேஷன், ரிமாண்ட், புழல், வாய்தா. சமூகப்பணி படிக்கிற மாணவர்கள் இதே சொல்லை வைத்து வகுப்பில் இன்னொன்றைப் படிக்கிறார்கள்: 'கேஸ் மேனேஜ்மென்ட்'. ஒரு மனிதனின் நோய், வழக்கு, வீடு, வேலை, ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் கூட நின்று, ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கு அழைத்துப் போவது என்று அதற்குப் பொருள். முதல் கேஸ் நம்ம வீட்டுக் கதவைத் தட்டி, உடைத்துக்கொண்டும் வருகிறது. இரண்டாவது கேஸ் வருவதே இல்லை. பவுடருக்கும் வலி மாத்திரைக்கும் அடிமையாகிப்போன நம் பிள்ளைகளை முன்வைத்து இதை எழுதுகிறேன்.

'போதை' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூடுவது அரசாங்கத்துக்கு வசதி. நமக்கு அது ஆகாது. சாராயம் வேறு, கஞ்சா வேறு, அபின் குடும்பம் வேறு. அபினிலிருந்து மார்ஃபின், மார்ஃபினிலிருந்து ஹெராயின். கலப்படம் நிறைந்த மட்ட ஹெராயின்தான் பிரவுன் சுகர், நம்ம ஆட்கள் சொல்லும் பவுடர். டிரமடால், டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளும் மூளையில் அதே இடத்தில் போய்த்தான் உட்காருகின்றன. இதற்குப் பழகிய உடம்பு இது இல்லாமல் ஓடாது. கடைசியாகப் பவுடர் எடுத்து எட்டு, பத்து மணி நேரத்தில் ஆரம்பிக்கும்: கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், உடம்பு சிலிர்ப்பு, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைச்சல். தூக்கம் இருக்காது. இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம். அந்த நேரத்தில் அவன் தேடுவது இன்பத்தை என்று நினைக்காதீர்கள். அந்த வேதனை நிற்க வேண்டும், அவ்வளவுதான். தெரு இதைத் "திமிரெடுத்து அலையுறான்" என்கிறது. போலீஸ் இதை வாக்குமூலம் வாங்க நல்ல நேரம் என்று தெரிந்து வைத்திருக்கிறது.

எண்பதுகளில் சென்னைக்குப் பிரவுன் சுகர் வந்தது. வெள்ளித்தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையை இழுத்தார்கள். தொண்ணூறுகளில் பலர் ஊசிக்கு மாறினார்கள். புப்ரினார்ஃபின் என்ற வலிநீக்கி மருந்து ஊசியில் ஏறியது, ஒரே ஊசி நாலு கை மாறியது. கடந்த சில ஆண்டுகளாக டேபென்டடால் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். மாத்திரை விழுங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதிலுள்ள மாவும் பசையும் இரத்தத்தில் கரையாது. நரம்பு அடைக்கும், கை வீங்கும், சீழ் பிடிக்கும். கையையே எடுக்க வேண்டிய நிலைக்கும் கொண்டுபோய் விடும். பதினெட்டு வயதுப் பையன் முழுக்கைச் சட்டையை மடிக்காமல் வெயிலில் திரிந்தால் அம்மாக்களுக்குப் புரிந்துவிடுகிறது.

இந்த நாட்டில் அபினை முதலில் மொத்த வியாபாரம் செய்தவர்கள் சேரிக்காரர்கள் இல்லை. 1773-ல் வங்காளத்து அபினைத் தன் ஏகபோகமாக்கியது கிழக்கிந்தியக் கம்பெனி. சீனாவுக்குள் அபின் போக வேண்டும் என்பதற்காகவே 1839-லும் 1856-லும் போர்கள் தொடங்கின. கம்பெனி காலத்துக் காசிப்பூர் அபின் ஆலை இன்று இந்திய அரசின் ஆலை. அமெரிக்காவில் பர்டியூ ஃபார்மா என்ற கம்பெனி 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையை இறக்கியது, அடிமையாக்கும் அபாயம் குறைவு என்று சொல்லி விற்றது. 2007-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கம்பெனியின் மூன்று உயர் அதிகாரிகளும் ஒப்புக்கொண்டார்கள். ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. அபராதம் கட்டிவிட்டு வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள்.

நம்ம பையன் சட்டைப்பையில் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பவுடருக்குச் சாதி கிடையாது. பங்களாவிலும் இருக்கிறது, கல்லூரி ஹாஸ்டலிலும் இருக்கிறது. பிடிபடுவதற்குத்தான் சாதி இருக்கிறது. பங்களாப் பையனுக்கு மனநல மருத்துவரும் தனி அறையும், அப்பாவின் வக்கீலும். நம்ம பையனுக்கு ராத்திரி ரோந்து, அப்புறம் "கழிவறையில் வழுக்கி விழுந்து" மாவுக்கட்டு. 2011 கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். சிறையில் விசாரணைக் கைதிகளாகக் கிடப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். 2022, 2023 ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் போலீஸ் நடத்திய நடவடிக்கைக்கு வைத்த பெயர் 'கஞ்சா வேட்டை'. வேட்டை என்றால் மிருகம் யார்? மொத்த வியாபாரி சிக்குவது அபூர்வம். கணக்குக் காட்ட நம்ம தெரு முனையில் நிற்கிறவன் போதும்.

அகில இந்திய மருத்துவக் கழகம் மத்திய அரசுக்காக நடத்திய கணக்கெடுப்பு 2019-ல் வெளிவந்தது. அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் நாடு முழுக்க சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர். அதனால் சிக்கலுக்குள்ளாகி உதவி தேவைப்படுவோர் சுமார் 77 லட்சம். ஊசியில் ஏற்றுவோர் சுமார் எட்டரை லட்சம். சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் 20 பேருக்கு ஒருவர்தான் எப்போதாவது ஒரு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெற்றிருக்கிறார். மீதி 19 பேர் எங்கே? பாலத்தடியில், ரயில் ரோட்டோரத்தில், சுடுகாட்டு மதிலுக்குப் பின்னால், ஜெயிலில். கொஞ்சம் பேர் தனியார் 'மறுவாழ்வு மைய'த்தில்.

அந்த மையங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒழுங்காக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தாலியை அடகு வைத்து ஒரு தாய் கட்டிய பணத்துக்குப் பிள்ளையைப் பூட்டி வைத்து, அடித்து, மூன்று மாதம் கழித்து "சரியாயிட்டான், கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்புகிற இடங்களும் இருக்கின்றன. அடியை விடப் பெரிய ஆபத்து அதற்குப் பிறகு காத்திருக்கிறது. மூன்று மாதம் மருந்தில்லாமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. வெளியே வந்தவன் ஒருநாள் மனசு உடைந்து பழைய அளவையே ஏற்றுகிறான். மூச்சு நின்றுவிடுகிறது. ஜெயிலிலிருந்து வெளியே வரும் முதல் சில வாரங்களிலும் இதேதான். உலகமெங்கும் அதிகச் சாவு விழுவது இந்த நாட்களில்தான். "திருந்தி வந்தான், திரும்பவும் போட்டுச் செத்தான்" என்று ஊர் பேசும். பழி அவன் தலையில். பூட்டி வைத்துவிட்டு, வெளியே அனுப்பும்போது கூட ஒரு ஆள் அனுப்பாதவர்கள் தலையில் இல்லை.

மாற்று இல்லாமல் இல்லை. தொண்ணூறுகளிலேயே சென்னைத் தெருக்களில் 'அவுட்ரீச்' வேலை நடந்திருக்கிறது. ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இருக்கும், நோயாளி வர வேண்டும் என்பது வழக்கம். அவுட்ரீச் அதைத் திருப்பிப் போடுகிறது. களப்பணியாளர் பாலத்தடிக்குப் போகிறார். அவர் பையில் புது ஊசி, ஸ்பிரிட், பஞ்சு, கட்டுத்துணி, ஆணுறை. பல இடங்களில் அவரே ஒரு காலத்தில் ஊசி ஏற்றியவர். அந்த வேலையில் இருக்கும் ஒரு அண்ணன் என்னிடம் சொன்னார்: "மொதல் நாளே 'வுட்ருடா'ன்னு சொன்னா மறுநாள் அந்த எடத்துல ஆளே இருக்க மாட்டாங்க தோழர். 'இன்னாடா கை வீங்கிகீது, காட்டு'ன்னு கேப்பேன். 'ஒண்ணியுமில்லண்ணா'ம்பான். நாலாவது நாள் அவனே வந்து கைய நீட்டுவான்."

அந்த நீட்டிய கையிலிருந்துதான் எல்லாம் ஆரம்பிக்கிறது. முதலில் புண்ணுக்கு மருந்து. அப்புறம் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை. அப்புறம் ஹெபடைடிஸ் சி. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இதற்கு மருந்து இலவசம், பெரும்பாலோருக்கு 12 வாரத்தில் குணமாகிவிடும். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அப்புறம் காசநோய்ச் சோதனை, ஆதார், ரேஷன் கார்டில் விட்டுப்போன பெயர், கோர்ட்டில் தவறிப்போன வாய்தா, அதற்கு விழுந்த பிடிவாரண்டு, வீட்டை விட்டுத் துரத்திய அண்ணனிடம் ஒரு பேச்சு, ஒரு வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் முறைக்கிற ஒரு முகம். வித்ட்ராயலில் நடுங்குகிறவன் தனியாகப் போனால் முதல் வரிசையிலேயே திரும்பிவிடுவான். ஓ.பி. சீட்டு வாங்குகிற இடத்தில் "தள்ளி நில்லு" என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல் நம் பாட்டன் காலத்திலிருந்து நம் காதுக்குப் பழகியது. சேரிக்காரன், பவுடர்காரன், எச்.ஐ.வி.காரன் என்று மூன்று தீண்டாமையை ஒரே உடம்பில் சுமக்கிறவனைப் பக்கத்தில் நின்று தொட்டு அழைத்துப்போக ஆள் வேண்டும். கேஸ் மேனேஜ்மென்ட் என்று ஆங்கிலத்தில் சொல்வது இதைத்தான்.

மருந்தும் இருக்கிறது. நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் புப்ரினார்ஃபின், குடிக்கும் மெத்தடோன். தொண்ணூறுகளில் ஊசியில் ஏறி நம் பிள்ளைகளைச் சாய்த்த அதே புப்ரினார்ஃபின், மருத்துவர் கண்காணிப்பில், சரியான அளவில், நாக்கடியில் கரையும்போது வித்ட்ராயலை நிறுத்துகிறது. ஊசி தேவையில்லாமல் போகிறது. அவன் வேலைக்குப் போகலாம், வீட்டில் தூங்கலாம். 'ஓ.எஸ்.டி.' என்று சொல்லப்படும் இந்த மாற்று மருந்துச் சிகிச்சை, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்திலிருந்து, அதாவது 2007-க்குப் பிறகு, ஊசி ஏற்றுவோருக்கு இலவசமாக அரசால் தரப்படுகிறது. சிகிச்சையில் இருக்கும் வரை சாவு பாதிக்கும் கீழே குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. சர்க்கரை நோயாளி தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அவரை யாரும் அடிமை என்று சொல்வதில்லை. "புது ஊசி கொடுத்தால் ஊக்கப்படுத்துகிற மாதிரி ஆகாதா?" என்றும் கேட்கிறார்கள். மணிப்பூரைப் பாருங்கள். 1989 வரை அங்கே ஊசி ஏற்றுகிறவர்களிடம் எச்.ஐ.வி. தென்படவில்லை. 1990-ல் ஒரே ஆண்டுக்குள் சோதித்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு வந்துவிட்டது. கணவர்களிடமிருந்து மனைவிகளுக்கும், அவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் போனது. ஒரு புது ஊசியின் விலையை அந்தச் சாவுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

சிகிச்சை இருந்தும் ஏன் எட்டவில்லை? தூரம் ஒரு காரணம். ஓ.எஸ்.டி. மருந்தைத் தினமும் மையத்துக்கு வந்து, ஊழியர் கண் முன்னால் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. 2000 தொடங்கி நகரத்துக் குடிசைகளைப் பெயர்த்துக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் கொட்டினார்கள். வடசென்னையிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். காலை ஏழு மணிக்கு லோடு இறக்கப் போகிறவன், பத்து மணிக்குத் திறக்கும் மையத்துக்கு எப்படி வருவான்? வந்தால் கூலி போச்சு, போகாவிட்டால் மருந்து போச்சு. 2020 கொரோனா ஊரடங்கில் பல நாள் மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்ப அரசு அனுமதித்தது. அப்போது முடிந்தது. ஆகவே தினமும் வந்தே தீர வேண்டும் என்பது மருத்துவத்தின் கட்டாயம் என்று மட்டும் சொல்ல முடியாது. நம் ஆட்களை நம்ப முடியாது என்ற எண்ணமும் அதில் இருக்கிறது.

இன்னொரு காரணம், கூட நடக்கிறவர்களை நடத்துகிற விதம். களப்பணியாளருக்கும் சக கல்வியாளருக்கும் கிடைப்பது ஒப்பந்தத் தொகை, மதிப்பூதியம். நிதி தாமதமானால் சம்பளம் இல்லை, திட்டம் முடிந்தால் வேலை இல்லை. இரண்டு வருஷம் பழகி நம்பிக்கை வைத்த பையனுக்கு ஒருநாள் "அந்த அண்ணன் இப்ப இல்ல" என்ற பதில். நாற்றமும் ஆபத்தும் உள்ள வேலையை யாரிடம் தருவது, அதற்கு என்ன கூலி தருவது என்பதில் இந்தச் சமூகத்துக்கு ஆயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. சாக்கடைக்குள் இறங்குகிறவனுக்கு எந்தக் கணக்கோ, சாக்கடையோரம் கிடக்கிறவனைத் தூக்குகிறவனுக்கும் அதே கணக்கு.

சம்பளமே இல்லாமல் இந்த வேலையைச் செய்கிறவர்கள் நம் தாய்மார்கள். ஸ்டேஷன் வாசல், ஜி.எச். வராந்தா, கோர்ட் மரத்தடி, புழல் மனு வரிசை எல்லாம் அவர்கள் கால் பட்ட இடங்கள். ஊசி ஏற்றுகிறவர்களில் பெண்களும் உண்டு. அவர்கள் பாலத்தடிக்குக்கூட வருவதில்லை, அதனால் எந்தக் கணக்கிலும் சரியாக வருவதில்லை. அவர்களைத் தேடிப்போகப் பெண் களப்பணியாளர்கள் வேண்டும்.

நம் மேடைகளிலும் ஒரு பேச்சு இருக்கிறது: "போதைக்காரனால்தான் நம்ம இனத்துக்கே கெட்ட பேரு, பிடிச்சுக் கொடுங்க." தோழர்களே, கெட்ட பெயர் நமக்குப் பவுடர் வருவதற்கு இரண்டாயிரம் ஆண்டு முன்பே வைக்கப்பட்டுவிட்டது. விற்றுக் கொழுப்பவனை விட்டுவிடச் சொல்லவில்லை. அவனுக்குச் சரக்கு தருகிறவனையும், சீட்டில்லாமல் பெட்டி பெட்டியாக மாத்திரை விடுகிற மொத்தக் கடையையும் கேளுங்கள். நோயாளியைப் பிடித்துக் கொடுப்பது விடுதலை இயக்கத்தின் வேலை இல்லை.

ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் பேச உங்களுக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். இதை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம், பிரிவு 64-ஏ: பயன்படுத்தியதற்கோ சிறு அளவு வைத்திருந்ததற்கோ வழக்குக்குள்ளான அடிமை நோயாளி, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திலோ சிகிச்சை பெற்றால், அவர்மேல் வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையை முடிக்க வேண்டும். ஹெராயினில் சிறு அளவு என்பது 5 கிராம் வரை.

2. அதே சட்டம், பிரிவு 39: குற்றம் நிரூபிக்கப்பட்டாலும், அவர் சம்மதித்தால், தண்டனைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. வக்கீல் கேட்டால்தான் நடக்கும்.

3. 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12: பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் இலவச வக்கீல். சாதிச் சான்றிதழ் போதும்.

4. 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம், பிரிவு 22: தொற்றைத் தடுக்கும் திட்டத்தில் புது ஊசி கொடுப்பதும் வாங்குவதும் குற்றமாகாது.

5. 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம்: போதை அடிமைத்தனத்தால் வரும் மனநிலைப் பாதிப்பும் இதன் கீழ் வருகிறது. சிகிச்சை பெறுவது உரிமை. சங்கிலியில் கட்டுவது தடை செய்யப்பட்டது. அடிக்கும் மையத்தின் மேல் புகார் கொடுங்கள்.

உயிர் காக்கவும் ஒரு குறிப்பு. மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கிக் கிடந்தால் அது அளவு மீறியது. எழுப்ப முடியாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியாக விடாதீர்கள். நலோக்சோன் என்ற ஊசி அந்த மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும். அரசின் இலவச உதவி எண் 14446.

நாம் கேட்க வேண்டியவை இவை. மறுகுடியமர்த்திய ஒவ்வொரு பெரிய குடியிருப்பிலும், வேலைக்குப் போகும் முன் காலையில் திறக்கும் ஓ.எஸ்.டி. மையம். நிலைத்து வருகிறவர்களுக்கு வீட்டுக்கு மருந்து. ஊசி ஏற்றாமல் மாத்திரையும் பவுடரும் எடுப்பவர்களுக்கும் அதே சிகிச்சை. ஜெயிலுக்குள்ளும் அது தொடர வேண்டும். எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஆம்புலன்சிலும் நலோக்சோன். களப்பணியாளர்களுக்கு நிரந்தர வேலை, முழுச் சம்பளம்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. அரசாங்கம் தரும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் தெருவில் இந்த வாரம் ஜெயிலிலிருந்தோ மையத்திலிருந்தோ ஒருவன் வெளியே வருகிறான். முதல் இரண்டு வாரம் அவன் கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். ஓ.பி. வரிசையில் நிற்க, வாய்தாவுக்கு எழுப்பிக் கூட்டிப்போக, ராத்திரி ஒரு தடவை கதவைத் தட்டிப் பார்க்க. யார் போவது என்று இன்றைக்கே கூடிப் பேசி முடிவு பண்ணுங்கள்.

ஜெய் பீம்.

ஆசிரியர்